வலது காலுக்கு வந்த வேலை

2025 மார்ச் 1, சனி
பாலோ ஆல்டோ, கலிஃபோர்னியா

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டான சிமுலேட்டரில் கண்ட்ரோல் விசையையும் ‘ஈ’ விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும், செஸ்னா என்ற சிறு விமானத்தின் என்ஜின் தானே ஓடத் தொடங்கிவிடும். இன்று இங்கே நிஜ விமானத்தில் பறக்கக் கற்க வந்தால், சாவியைத் தொடவே முக்கால் மணி நேரம் ஆனது. செஸ்னா 172எஸ் விமானத்தில் எரிபொருளை வடித்துப் பார்க்கும் வால்வுகள் 13 உண்டு. இறக்கைக்கு ஐந்து வீதம் பத்து, மூக்குக்கு அடியில் மூன்று. ஒவ்வொன்றிலும் சிறு குடுவையில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கும்.

இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை இருக்கிறது. விமானம் ஸ்டால் ஆகப்போகும் நேரத்தில், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கப்போகும் நேரத்தில், அங்கே காற்றழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். வழியில் இருக்கும் ரீட் என்ற மெல்லிய தகடு அதிர்ந்து அலறும். மின்சாரமே தேவையில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, துளையின்மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும் என்றார் ஆசிரியை. உறிஞ்சினேன். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டையை அழுத்தியதுபோல் முனகியது. கணினியில் பல வருடங்களாகக் கேட்ட சத்தம்தான். உறிஞ்சினாலும் வரும் என்று எந்த விளையாட்டும் சொல்லித் தரவில்லை.

மார்ச் 8, சனி

என்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கு இடதுபுறம் ஓடுகிறது. புரொப்பெல்லர் பின்னுக்குத் தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. மேலேறும்போது, புரொப்பெல்லரின் கீழிறங்கும் வலப்பக்க அலகு அதிகமாக இழுக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து: வலது ரட்டர் பெடல், அதாவது வாலின் சுக்கானைத் திருப்பும் மிதி. 55 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் தரையை விட்டு, 74 நாட் வேகத்தில் ஏறும் நேரம் முழுவதும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். “வலது கால், வலது கால்” என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுகிறவர்களில் பலருக்குக் காலுக்கு வேலையே கிடையாது. விளையாட்டின் அமைப்புகளில் ரட்டரைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கால் மேசைக்கடியில் செருப்பைத் தேடலாம்.

டம்பார்ட்டன் பாலத்தைத் தாண்டியதும் ஆசிரியை கேட்டார்: “எத்தனை வருடச் சிமுலேட்டர் பழக்கம்?” நான் சொல்லியிருக்கவில்லை. கண் பார்க்கும் இடத்தை வைத்தே தெரிந்துவிடுமாம். திரையில் வளர்ந்தவர்கள் எல்லோரும் கருவிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம், ஏனென்றால் திரையில் நம்பத் தகுந்தது அது ஒன்றுதான். வரைபடத் தாளை எடுத்துக் கருவிப் பலகை முழுவதையும் மூடிவிட்டார். “என்ஜின் மூடிக்கு மேலே எவ்வளவு வானம் தெரிகிறது, அதை மட்டும் பாருங்கள்.” தாளுக்குப் பின்னால் இருந்த உயரமானியை அதன்பின் அவர் மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்தார். முள் பெரிதாக நகரவில்லையாம்.

மார்ச் 16, ஞாயிறு

மேகம் தாழ்ந்து கிடக்கிறது. பறக்க வழியில்லை. பணம் மிச்சம்: மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2024 பதிப்பு 70 டாலர், இங்கே விமானத்துக்கும் ஆசிரியைக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு அதைப்போல நான்கு மடங்கு.

விமானச் சிமுலேட்டரின் முன்னோடியான எட்வின் லிங்க்கைப் பற்றிப் படித்தேன். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் ஆர்கனும் தானியங்கிப் பியானோவும் செய்யும் குடும்பம். பறக்கக் கற்பதற்கு ஆகும் செலவு அவரைக் கடுப்பேற்றியது. ஆர்கனின் காற்றுத் துருத்திகளை ஒரு குட்டி விமானப் பெட்டிக்கு அடியில் வைத்து, கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் சாயவும் குனியவும் செய்தார். அது 1929. முதலில் வாங்கியவர்களில் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்களும் உண்டு. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் விமானப் பணி ஒப்படைக்கப்பட்டது. மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாமல் சில வாரங்களுக்குள் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது.

அந்தப் பெட்டிக்கு மூடி போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. அசைவு உண்டு, காட்சி இல்லை. புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கி, 1982இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்த வீட்டு விளையாட்டிலோ எல்லாம் தலைகீழ்: காட்சி உண்டு, அசைவு இல்லை. இப்போது அந்தக் காட்சி செயற்கைக்கோள் படங்களிலிருந்து வருகிறது; என் தெருவே தெரிகிறது. நாற்காலி மட்டும் அன்றுபோலவே அசையாமல் இருக்கிறது.

மார்ச் 29, சனி

தரையிறக்கம். இந்த ஓடுபாதை 2,443 அடி நீளம், 70 அடி அகலம். பக்கத்தில் வளைகுடாவின் சதுப்பு நிலம்.

கடைசிச் சில அடிகளில் மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைக் கரைத்து, சக்கரத்தை உட்கார வைக்க வேண்டும். எப்போது தூக்குவது? இதற்கு எந்தக் கருவியும் உதவாது. கண்ணை ஓடுபாதையின் கோடிக்கு அனுப்பிவிட்டால், இரண்டு ஓரங்களும் கடைக்கண்ணில் சட்டென்று விரிந்து மேலே எழும், அப்போது. வீட்டுத் திரையில் கடைக்கண்ணில் தெரிவது புத்தக அலமாரியும் சுவரும். அதனால்தான் திரையில் ஜம்போ ஜெட்டைச் சர்வசாதாரணமாக இறக்குகிறவர்கள் இங்கே தரைக்கு மேலே எவ்வளவு இருக்கிறோம் என்று தெரியாமல் தவிக்கிறார்கள். இதற்குப் பெரிய திரை வாங்கலாம், தலைக்கவசத் திரையும் வாங்கலாம். எதிர்க்காற்று நின்றதும் இருக்கை இரண்டு அங்குலம் கீழே நழுவுவதை எங்கே வாங்குவது?

ஏப்ரல் 6, ஞாயிறு

வானொலி. இங்கே சிமுலேட்டருக்கு முழு மதிப்பெண் போட வேண்டும். சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்காக இணையத்தில் வாட்சிம் என்று ஒரு வலையமைப்பு 2001 முதல் இருக்கிறது. இலவசம், தன்னார்வலர்களே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து பேசுகிறார்கள். யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்வது: அங்கே பேசிப் பழகிய வாய்க்கு இன்று எந்தத் தயக்கமும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் வான்வெளி பக்கத்திலேயே இருப்பதால் இங்கே காதில் இரைச்சல் ஓயாது. புதிய மாணவர்கள் பலருக்கு மைக்கை அழுத்தியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்கிறார் ஆசிரியை. என்னிடம் வேகத்தைக் குறைத்துப் பேசச் சொன்னார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

பார்வையை மறைக்கும் மூடியை நெற்றியில் மாட்டி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தேன். தனியார் விமானி உரிமத்துக்கு இப்படி 3 மணி நேரம் கட்டாயம். மார்ச்சில் தாள் போட்டு மூடிய அதே பழக்கம் இன்று கைகொடுத்தது. கண் தானாகவே கருவிக்குக் கருவி தாவியது.

காது மட்டும் ஒத்துழைக்கவில்லை. மெல்லிய திருப்பம் சிறிது நேரம் நீடித்தால் உட்காதின் திரவமும் காதோடு சேர்ந்தே சுழன்று, திருப்பத்தை உணர்த்துவதை நிறுத்திவிடுகிறது. நேராக்கியதும் மறுபக்கம் சாய்வதாக உடம்பு சத்தியம் செய்கிறது. அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டே கருவியை நம்புவதுதான் பாடம். அசையாத நாற்காலி பொய்கூடச் சொல்லாது.

அமெரிக்க விதிகளின் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான் போகிறது. தனியார் உரிமத்துக்கு வேண்டிய 40 மணி நேரத்தில், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கருவியில் கழித்ததாக 2.5 மணி நேரம் வரை காட்டலாம். மேகத்துக்குள் பறக்கும் தகுதிக்கு வேண்டிய 40 மணி நேரத்திலோ, கருவியின் தரத்தைப் பொறுத்து 10, ஏன் 20 மணி நேரம்வரைகூடக் கணக்கில் வரும். வெளியே பார்க்க வேண்டாத இடத்தில் பெட்டிக்கு மரியாதை. என் வீட்டு மேசைக்கு இரண்டிலும் பூஜ்யம். ஆறு கால்களில் நின்று ஆடும் விமான நிறுவனச் சிமுலேட்டர் வேறு சாதி. ஏற்கெனவே அனுபவமுள்ள விமானி அதில் ஒரு புதிய ரகத்தைக் கற்று, நிஜத்தில் முதன்முதலாகப் பயணிகளோடே அதை ஓட்டுவது உண்டு.

ஏப்ரல் 20, ஞாயிறு

திருச்சியிலிருந்து அண்ணன் மகன் அழைத்தான். “சித்தப்பா, பைலட் ஆக வேண்டும். வீட்டிலேயே பழகலாம் என்று இருக்கிறேன். எந்த யோக் வாங்கட்டும்?”

யோக் என்னும் கைப்பிடிச் சக்கரம் பிறகு, முதலில் ரட்டர் பெடல் வாங்கு என்றேன். கருவிப் பலகையைத் திரையிலிருந்து மறைத்துவிட்டு ஓட்டு. வாட்சிமில் மைக்கைத் திறந்து பேசு. தரையிறக்கத்தை மட்டும் அங்கே அளவுக்கு மீறிப் பழகாதே. பிற்பாடு மறக்கச் செலவாகும். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி.

“அப்பா முதலில் பிளஸ் டூ கணக்கை முடி என்கிறார், சித்தப்பா.”

அண்ணன் சொல்வது சரிதான். அந்த உரிமத்துக்கு இயற்பியலும் கணிதமும் கேட்கிறார்கள்.