முகப்பு வாசலும் பின்வாசலும்

கிராம நிர்வாக அலுவலராக நான் பணியாற்றிய ஆண்டுகளில் பெரும்பகுதி காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில்தான் கழிந்தது. குடிமக்களுக்கு அரசு எவ்வளவு தூரம் செய்துகொடுக்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், 2007ஆம் ஆண்டு என் மேசைக்கு வந்த ஒரு முதியோர் உதவித்தொகை மனுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

மனுதாரர் எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. விசாரணைக்குப் போனபோது ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு ஒன்றின் முன் நின்றேன். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள். உள்ளே தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். வளவு என்னும் உள்முற்றத்தைக் கடந்து, வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போனால், ஆச்சி குடியிருந்த ஒற்றை அறை வந்தது. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பூட்டு இல்லாத பெட்டகம், அதன்மேல் மடித்துவைத்த இரண்டு சேலைகள் ஆகியவற்றைத் தவிர அங்கே சொல்லும்படியாக ஒன்றுமில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும், என் அறிக்கையில் "மனுதாரர் சொந்தமான பெரிய வீட்டில் வசித்து வருகிறார்" என்றுதான் எழுதினேன். உதவித்தொகை விதிகளில் சொத்து மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மனு தள்ளுபடியானது.

சில மாதங்கள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். கோபம் சிறிதும் இல்லாத குரலில், "வீடு பெருசுதான் தம்பி. அதுல எம் பங்கு எவ்வளவுன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். அன்று மாலையே மறுபடியும் போய் உட்கார்ந்து கேட்டேன். அந்த வீட்டுக்கு 26 பங்கு. பங்குதாரர்கள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள், முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை பேரும் கையெழுத்திட்டாலொழிய ஒரு தூணைக்கூட விற்க முடியாது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது கொடுக்கல் வாங்கலை அப்படியே போட்டுவிட்டு வந்த குடும்பங்களில் ஆச்சியின் மாமனார் குடும்பமும் ஒன்று. வீட்டை எழுப்பிய பணம் போய்விட்டது, வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. பங்கு விவரத்தை முறையாக எழுதி மறுமனுவை நான் அனுப்ப, அது இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாம் முறை ஏற்கப்பட்டது. முதல் அறிக்கையிலேயே அதை எழுதியிருந்தால் ஓராண்டு அவர் காத்திருந்திருக்க வேண்டியதில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த ஓராண்டும் அவரைக் காப்பாற்றியது ரேஷன் அரிசிதான். 1997இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், மேலே உள்ளவர்கள் என்று பொது விநியோகத்தைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2006 ஜூனில் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் என்று அரிசி விலை இறங்கிக்கொண்டே வந்தது. எந்தக் கட்டத்திலும் ஆச்சியின் வீட்டு முகப்பை யாரும் அளந்து பார்க்கவில்லை. இருப்பவர்களுக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று என் நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், அரிசி கடத்தப்படுவதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வசதியானவர்கள் பலர் தாமாகவே அரிசியை விட்டுவிட்டுச் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இல்லாதவரைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பி, இல்லாத ஒருவரையே வெளியே தள்ளியவன் என்பதால், அந்தச் சல்லடையின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

செட்டிநாட்டில் இந்தப் பேச்சு வந்தால், அரசு வருவதற்கு முன்பே இங்கே தருமம் இருந்தது என்பார்கள். அது முழு உண்மை. ஊருணிகளும் பள்ளிகளும் கோயில் திருப்பணிகளும் நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரின் கைப்பணத்தில் நடந்தவை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். கொடையும் அரசும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் கொடை, கொடுப்பவரின் மனத்தையும் இருப்பிடத்தையும் பொறுத்தது. நான் பணியாற்றிய ஓர் ஊரில் ஊருணியை வெட்டிய குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்த பிறகு பல ஆண்டுகள் தூர் வாருவாரில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் கருவேல முள்ளால் அடைந்து கிடந்தது. 2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அந்த வேலையில்தான் ஊர்ப் பெண்கள் மண்வெட்டியோடு இறங்கி வரத்துக்காலைத் திறந்தார்கள்.

எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோயில் திருவிழாவையும் ஊர்க் கட்டுப்பாட்டையும் ஊரே பார்த்துக்கொள்ளும். சோறு, மருந்து, பள்ளிக்கூடம், முதுமைக்கால வருமானம் ஆகிய நான்கையும் மட்டும், எவர் வாசலிலும் நிற்காமல் ஒருவர் பெற முடிய வேண்டும். அதற்கு அரசைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆச்சியின் பங்காளிகளில் கை கொடுக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

உதவித்தொகை அப்போது மணியார்டரில் வந்தது. முதல் பணம் வந்த மாதம் ஆச்சி என் அலுவலகத்துக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தபால்காரர் முகப்பு வாசலுக்கு வராமல் பின்தெரு வாசலில் வந்து கொடுக்கும்படி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டார். படைப்புக்கு வந்திருக்கும் பங்காளிகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அங்கிருந்து அவர் நேராக ரேஷன் கடைக்குப் போனார். மடித்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், ஊரார் அத்தனை பேரோடும் வரிசையில் நின்றார்.