ப்ரோபாக்ஸ் பேச மாட்டேன் என்கிறது

2019 மார்ச் 23, சனி

என் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்து இன்றோடு ஒன்பது நாள். காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டிக்கு குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி ஒரு நடுக்கம், சிக்னலில் நின்றால் அணைந்துவிடுமோ என்று பயம், ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றுமே இல்லை. என் மனைவிக்கு இதில் தனியாக ஒரு பயம் உண்டு. பர்மாவில் 1970-இலிருந்து எல்லோரும் வலது பக்கமாகத்தான் ஓட்டுகிறோம், ஆனால் என்னுடையது ஜப்பான் வண்டி, ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் இடது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து "போங்க" என்று சொல்ல வேண்டும். நான் "போங்க" என்று சொல்லி நீங்களும் பாதி ரோட்டுக்கு வந்த பிறகு இன்ஜின் இருமினால் என்ன செய்வது என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

பட்டறை மாமாவிடம் கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து சாப்பிடுகிறவன், ஒரு இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்க இன்னொருவரிடம் போவதா என்று ஒரு வீம்பு. டவுனில் 12,000 கியாட் கொடுத்து ப்ளூடூத் எல்ம்327 ஒன்று வாங்கி வந்தேன், காரின் கம்ப்யூட்டரை லேப்டாப்போடு பேச வைக்கும் பெட்டி. நீல பிளாஸ்டிக், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே 2.1 என்று போட்டிருக்கிறது.

2019 மார்ச் 24, ஞாயிறு

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 ஓட்டை உள்ள சாக்கெட். செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 16-வது பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும், சாவியே போடாவிட்டாலும் அது எரியும்.

லேப்டாப்பில் ப்ளூடூத்தை இணைத்தேன், பாஸ்வேர்டு 1234. விண்டோஸ் இதற்கு ஒன்றுக்கு இரண்டாக காம் போர்ட், அதாவது மென்பொருள் பெட்டியோடு பேசும் வழி, போட்டுக் கொடுக்கிறது, காம்5, காம்6. ஒன்று உள்ளே வருவது, மற்றது வெளியே போவது. நமக்கு வேண்டியது வெளியே போவதுதான். இதைத் தெரிந்துகொள்ள ஒன்றரை மணி நேரம் போயிற்று, அதற்குள் மூன்று மென்பொருளை இறக்கி, அழித்து, திரும்ப இறக்கி, எல்லாவற்றையும் திட்டி முடித்திருந்தேன். அப்புறம் கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரி இருபது நிமிஷம்தான் தாங்கும். மூடி வைத்துவிட்டேன்.

2019 மார்ச் 30, சனி

இன்று புத்தி வந்து, அழகழகான மீட்டர் காட்டும் மென்பொருளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கட்டளைகளை நேராகத் தட்டி அனுப்பும் புட்டி (PuTTY) என்ற மென்பொருளை மட்டும் திறந்தேன். கறுப்புத் திரை. ஏடிஇசட் என்று தட்டினால் "எல்ம்327 வி2.1" என்று பதில். ஏடிஆர்வி என்றால் 12.3 வோல்ட். ஆகா என்று இருந்தது. அடுத்து 0100 என்று தட்டினேன், அதாவது வண்டியே, என்னென்ன சொல்வாய் என்று கேட்பது. "தேடுகிறேன்" என்று புள்ளி புள்ளியாக ஓடி, கடைசியில் "இணைக்க முடியவில்லை".

இதே பிரச்சினையில் மாட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஒரு வாரம் வீணாக்கியது இதில்தான். இங்கே பேச்சுவார்த்தை இரண்டு. ஒன்று லேப்டாப்புக்கும் அந்த நீலப் பெட்டிக்கும், இன்னொன்று நீலப் பெட்டிக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும். ஏடி என்று தொடங்கும் கட்டளை எல்லாம் பெட்டியோடு நிற்கும், வண்டிக்குப் போகவே போகாது. அதற்குப் பதில் வந்தால் ப்ளூடூத், காம் போர்ட், டிரைவர் எல்லாம் சரி என்று அர்த்தம், அதற்கு மேல் அந்தப் பக்கம் நோண்டாதீர்கள். 0100-க்குப் பதில் இல்லை என்றால் சிக்கல் பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில். நான் என்ன செய்தேன் என்றால், வண்டி பேசாததற்கு விண்டோஸை மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன்.

இன்னொன்று. சாவியை ஆனில் வைத்து, இன்ஜினை ஓட்டாமல், ஒரு மணி நேரம் இப்படியே தட்டிக்கொண்டிருந்தேன். திரும்ப ஏடிஆர்வி அடித்தால் 11.7. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து தள்ளிவிட்டான். ஆட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பது தள்ளி முடித்த பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஜம்பர் ஒயர் தேடிப் போனோம்.

2019 மார்ச் 31, ஞாயிறு

காலையிலேயே டீக்கடையில் உட்கார்ந்து போனில் படித்தேன். விஷயம் இதுதான்.

இந்த ஓபிடி2, அதாவது எந்த வண்டியின் கோளாறையும் ஒரே மாதிரி படிப்பதற்கான பொது முறை, அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001. என்னுடையது 2005 வண்டி என்பதால் தாராளமாகப் பேசும் என்று நினைத்தேன். ஆனால் இது ஜப்பானில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. 2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி பர்மிட் என்று வந்ததே, அதன் பிறகு ரங்கூனில் வந்து குவிந்ததில் ஒன்று. சாக்கெட் அதே 16 ஓட்டை, கம்பி அதே 7-வது பின், கே-லைன் என்று பேச்சு ஓடும் ஒற்றைக் கம்பி. பாஷைதான் வேறே.

கே-லைனில் வண்டியை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு முகவரி எண்ணை நொடிக்கு 5 பிட் என்று ஆமை வேகத்தில் அனுப்ப வேண்டும். தொடக்கத்துக்கு ஒன்று, எண்ணுக்கு எட்டு, முடிவுக்கு ஒன்று, மொத்தம் 10 பிட், ஆக முழுசாக 2 நொடி கதவைத் தட்டுகிற மாதிரி. சர்வதேச முறைப்படி தட்டும் எண் 33, அதன் பிறகு பேசும் வேகம் 10,400. ஜப்பான் உள்ளூர் டொயோட்டாவோ 13 என்று தட்டினால்தான் கதவைத் திறக்கும், பேசும் வேகம் 9,600. வீட்டுக்காரர் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டால் யார் வந்து திறப்பார்கள்?

சரி, மாற்றிக் கேட்போம் என்று வீட்டுக்கு ஓடினேன். ஏடிஐபி 96, வேகத்தை மாற்ற. ஓகே என்றது. ஏடிஐஐஏ 13, தட்டும் எண்ணை மாற்ற. பதிலாக ஒரே ஒரு கேள்விக்குறி.

அதாவது, அப்படி ஒரு கட்டளை தனக்குத் தெரியாதாம். அசல் எல்ம்327-க்குத் தெரியும், இந்த நகலுக்கு அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். மேலே 2.1 என்று அச்சடித்ததற்கு மட்டும் குறைச்சலில்லை.

2019 ஏப்ரல் 3, புதன்

மச்சானிடம் பழைய யுஎஸ்பி எல்ம்327 ஒன்று கிடந்தது. மேலே 1.5 என்று இருக்கிறது. அசல் கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை, ஆக இதுவும் நகல்தான். ஆனால் பழைய நகல், புதுசைவிட ஒழுங்கான நகல். டிரைவர் போட்டதும் காம்14 என்று வந்தது. சில பழைய மென்பொருள் ஒற்றை இலக்க போர்ட்டைத் தாண்டிப் பார்ப்பதில்லை, அதனால் டிவைஸ் மேனேஜரில் போய் காம்4 என்று மாற்றினேன்.

ராத்திரி எட்டு மணி, தெருவில் கரண்ட் இல்லை, காருக்குள் லேப்டாப் வெளிச்சம் மட்டும், கொசு. ஏடிஐபி 96. ஓகே. ஏடிஐஐஏ 13. ஓகே! ஏடிஎஸ்எச் 81 13 எஃப்1. ஓகே. ஏடிஎஸ்பி 4. ஓகே. பிறகு 2101, இன்ஜின் நிலவரத்தைச் சொல் என்று கேட்பது. பஸ் இனிட், அதாவது கதவைத் தட்டுகிறேன், என்று எழுதிவிட்டு நின்றது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினேன். ஓகே என்று வந்தது, அதன் கீழே எண்ணும் எழுத்துமாக ஒரு நீள வரிசை.

என்ன சொல்கிறது என்று ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனால் பேசிவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து திரும்பத் திரும்ப 2101 கேட்டேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு எண் மட்டும் சட்டென்று ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது, அதுதான் ஆர்பிஎம்மாக இருக்க வேண்டும். இன்னொன்று மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகிறது, அது தண்ணீர்ச் சூடாக இருக்கும். மனைவி வந்து, என்ன ஆயிற்று, சரியாகிவிட்டதா என்றாள். வண்டி பேசுகிறது என்றேன். நடுக்கம் நின்றதா என்றாள். இல்லை. உள்ளே போய்விட்டாள்.

2019 ஏப்ரல் 6, சனி

வீம்பை விட்டு பட்டறைக்குப் போனேன். மாமா கதையை முழுசாகக் கேட்டார், சிரிக்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. "தம்பி, அந்த சாக்கெட்டக் காட்டு" என்று கீழே குனிந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஒயர்த் துண்டை எடுத்தார். இரண்டு முனையும் உரித்து ஈயம் வைத்தது. 4-வது ஓட்டையில் ஒரு முனை, 13-வதில் மறு முனை. சாவியை ஆனில் போடச் சொன்னார்.

மஞ்சள் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. இரண்டு தடவை. கொஞ்சம் இடைவெளி. ஐந்து தடவை. நீளமாக ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு, ஐந்து.

"இருபத்தஞ்சு. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி."

நிமிஷம் ஒன்றுகூட ஆகவில்லை. நான் இரண்டு வாரமாகத் தேடிய எண். சர்வதேசக் கணக்கில் இதைத்தான் பி0171 என்பார்கள். கோளாறு ஒன்றும் இல்லாத வண்டி என்றால் விளக்கு நிற்காமல் படபடவென்று சிமிட்டிக்கொண்டே இருக்குமாம். யாரும் வீட்டில் செய்து பார்ப்பதானால் ஓட்டையை இரண்டு தடவை எண்ணிப் பாருங்கள், ஒயர் 16-க்குப் போனால் ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

ஆனால் மாமாவும் அங்கே நின்றுவிட்டார். காற்று எங்கிருந்து ஜாஸ்தியாகிறது? காற்றை அளக்கும் சென்சார் அழுக்கா, பெட்ரோல் பம்ப் சோர்ந்துவிட்டதா, எங்கேயாவது ஓட்டையா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கணும் என்றார். மாற்றிப் பார்ப்பது என்றால் என் காசு.

2019 ஏப்ரல் 7, ஞாயிறு

மாமா மகன் ஒரு மினி விசிஐ கேபிள் வைத்திருக்கிறான், டொயோட்டாவுக்கென்றே வருவது. அதன் டிரைவர் 32 பிட், என் விண்டோஸ் 10-இல் முரண்டு பிடிக்கும், அவனிடம் விண்டோஸ் 7 32 பிட் போட்ட ஒரு கிழட்டு லேப்டாப் இதற்காகவே இருக்கிறது. டொயோட்டாவின் சொந்த மென்பொருளான டெக்ஸ்ட்ரீம் திறந்து, வண்டியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் மாடலைக் கையாலேயே தேர்ந்தெடுத்தோம். போனவாரம் நான் முறைத்துக்கொண்டிருந்த அதே எண்கள், இப்போது பெயரோடு வந்தன.

பார்க்க வேண்டியது ஃபியூயல் ட்ரிம். இன்ஜின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பது. நல்ல வண்டியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அலையும். ஷார்ட் என்பது அந்த நொடித் திருத்தம், லாங் என்பது நாள்பட்டுப் பழகிய திருத்தம். எங்களுக்கு ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, லாங் ட்ரிம் கூட்டல் 24. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500-இல் பிடித்தால் ஷார்ட், லாங் இரண்டும் சேர்ந்து கூட்டல் 6-க்கு வந்துவிட்டது. காலை எடுத்தேன், திரும்ப ஏறிற்று.

இந்த இரண்டு எண்ணை வைத்தே பாதி ஆளைப் பிடித்துவிடலாம். பம்ப் சோர்ந்திருந்தால் இன்ஜின் அதிகம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை கூட வேண்டும். இங்கே தலைகீழ். ஐட்லிங்கில் த்ராட்டில் என்ற காற்றுக் கதவு மூடியிருக்கும், அதற்குப் பின்னால் இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும், ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் சென்சார் கணக்கில் வராத காற்று புகுந்துவிடும், உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அதில் இந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. மிதித்தால் மொத்தம் பெருகிவிடும், திருட்டு அதில் கரைந்துவிடும். ஆக, த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கேயோ ஓட்டை.

மாமா கார்ப் கிளீனர் டப்பாவை எடுத்தார். அது எரியும் திரவம், ஓட்டை வழியாக உள்ளே போனால் பெட்ரோல் கூடிய மாதிரி ஆகி ட்ரிம் இறங்கும். ஆறின இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் போகாதே என்று என்னிடம் கத்திவிட்டு, ஹோஸ் ஹோஸாகத் துளித் துளி அடித்தார். நான் திரையில் ஷார்ட் ட்ரிம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் வளைந்த ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் அடித்ததும் எண் சரசரவென்று மைனஸுக்கு விழுந்தது. "அங்கதான்!" என்று நான் கத்த, "இங்கயா?" என்று அவர் இன்னொரு தடவை அடிக்க, மறுபடி விழுந்தது.

கழற்றிப் பார்த்தால் மேலே நல்ல ரப்பர், அடியில் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி நீளமாக வெடித்திருக்கிறது. மடக்கினால் வாயைத் திறக்கிறது. 14 வருஷ இன்ஜின் சூடு.

2019 ஏப்ரல் 11, வியாழன்

பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்ப் பண்டிகைக்கு ஊரே கடையை மூடுவதற்கு முன்னால் ஹோஸ் கிடைத்துவிட்டது. 4,500 கியாட். போட்டு, கம்ப்யூட்டரில் இருந்த கோளாறு எண்ணை அழித்து, ஸ்டார்ட் செய்தோம். நடுக்கம் இல்லை. கூலி எவ்வளவு மாமா என்றேன், அந்த யுஎஸ்பி பெட்டியை எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு என்கிறார்.

2019 ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. கோயிலுக்குப் போய் வருவதற்குள் கார் மேல் பன்னிரண்டு வாளித் தண்ணீராவது விழுந்திருக்கும், முக்குக்கு முக்கு பையன்கள் ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கண்ணாடியை இறக்கினால் தொலைந்தோம். மச்சானின் பெட்டியைச் சாக்கெட்டிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன், நல்ல வேளை, அது நனையவில்லை. லாங் ட்ரிம்மைக் காலையில் மாமா மகன் பார்த்தான், கூட்டல் 2. திரும்பும்போது முன்னால் ஒரு லாரி, பின்னால் ஆட்டம் போடும் கூட்டம், நகரவே மாட்டேன் என்றது. இவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"போங்க" என்றாள்.