தொடு உணர்வும் வலியும்: உடலியங்கியல் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

முதலாம் ஆண்டு உடலியங்கியலில் நரம்பு மண்டலம் வந்ததும் பலர் தொடு உணர்வுக்கு ஒரு குறிப்பு, வலிக்கு ஒரு குறிப்பு, வலி தணிப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாக எழுதிவைத்துப் படிக்கிறார்கள். அப்படிப் பிரிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மூன்றும் வந்து சேரும் இடம் தண்டுவடத்தின் பின்கொம்பு, அதாவது தண்டுவடத்துக்குள் பின்பக்கமாக இருக்கும் சாம்பல் நிறப் பகுதி. அந்த இடம் பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

முதலில் படம். தண்டுவடம், முகுளம் (மூளைத்தண்டின் அடிப்பகுதி), தலாமஸ் (உணர்வுச் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் மூளைப்பகுதி), பெருமூளைப் புறணி ஆகிய நான்கு நிலைகளைக் கீழிருந்து மேலாக வரையுங்கள். நுண்ணிய தொடு உணர்வுக்கும் அதிர்வுக்கும் நீல மை. வலிக்கும் வெப்பத்துக்கும் சிவப்பு மை. நீலக்கோடு நுழைந்த பக்கத்திலேயே பின்கற்றை (தண்டுவடத்தின் பின்பக்க நரம்பிழைக் கட்டு) வழியாக ஏறி, முகுளத்தில்தான் எதிர்ப்பக்கம் மாறும். சிவப்புக்கோடு பின்கொம்பில் அடுத்த நியூரானிடம் செய்தியைக் கொடுத்ததும், தண்டுவடத்துக்குள்ளேயே எதிர்ப்பக்கம் போய்விடும். எங்கே பக்கம் மாறுகிறது என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் வரைய வரும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

வரைந்ததைச் சோதிக்க ஒரு கணக்கு. நடுமுதுகில் கத்திக்குத்து, தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் அறுபட்டிருக்கிறது. இசைக்கவையை வலது கணுக்காலில் வைத்தால் அதிர்வு தெரியாது. குண்டூசியால் இடது காலில் குத்தினால் வலி தெரியாது. இதுதான் பிரவுன்-செக்கார்ட் நோய்க்குறித் தொகுப்பு. படம் சரியாக இருந்தால் விடையைப் படத்திலிருந்தே படித்துவிடலாம், மனப்பாடம் தேவையில்லை.

அடுத்து நரம்பிழைகளின் வேகம். அட்டவணையை உருப்போடுவதைவிட, காலில் முள் குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்திலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மெல்லிய மையலின் உறை (இழையைச் சுற்றிய கொழுப்புறை) கொண்ட ஏ-டெல்டா இழை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கடத்துவதால் சுரீரென்ற முதல் வலி உடனே வந்துவிடுகிறது. மையலின் உறை இல்லாத சி இழையின் வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். ஆகவே எரிச்சலான இரண்டாம் வலி பின்தங்கி வருகிறது. தொடு உணர்வைக் கடத்தும் ஏ-பீட்டா இவை இரண்டையும்விட வேகமானது.

முழங்கால் இடித்ததும் கை தானாகத் தேய்க்கப் போகிறதே, அதற்கான விளக்கத்தை வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்தார்கள். ஏ-பீட்டா வழியே வரும் தொடு உணர்வு, பின்கொம்பிலுள்ள தடுப்பு நியூரான்களைத் தூண்டி, வலிச்செய்தி மேலே போவதைக் குறைக்கிறது. வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்பது இதுதான். அவர்கள் வரைந்த இணைப்புகளின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. இதே கருத்தின் அடிப்படையில், தோல்மேல் மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியைத் தணிக்க இயன்முறை மருத்துவத்தில் பயன்படும் டென்ஸ் (TENS) கருவியையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் படத்தில் மூன்றாவதாக, மேலிருந்து கீழே ஒரு பச்சைக்கோடு வரையுங்கள். நடுமூளையில் நீர்க்குழாயைச் சூழ்ந்த சாம்பல் நிறப் பகுதியில் தொடங்கி, முகுளத்தின் ராஃபே கருவை (ஒரு நியூரான் தொகுதி) தொட்டு, மறுபடியும் அதே பின்கொம்பில் வந்து முடியும். அங்கே செரோடோனின் என்ற நரம்புக் கடத்தியும், உடலே சுரக்கும் ஓபியாய்டான (அபின் வகை வலிநிவாரணி) என்கெஃபலினும் வலிச்செய்தியை அடக்குகின்றன. பிளசீபோ (மருந்தே இல்லாத போலி மருந்து) தரும் நிவாரணத்தை உளவியல் பாடத்துக்குத் தள்ளிவிடாமல் இந்தக் கோட்டின் அருகிலேயே எழுதுங்கள். 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் செய்த ஆய்வு இதற்கு வலுவான சான்று. வெறும் பிளசீபோவிலேயே வலி தணிந்தவர்களுக்கு, ஓபியாய்டு ஏற்பிகளை அடைக்கும் நாலாக்சோனைக் கொடுத்தபோது வலி கூடியது. அவர்கள் உணர்ந்த நிவாரணம் கற்பனையன்று. அவர்களுடைய உடலே சுரந்த வலிநிவாரணி வேலை செய்திருக்கிறது. படுக்கையில் இருப்பவரிடம் மருத்துவர் நம்பிக்கையாகப் பேசுவதற்கு உடலியங்கியல் காரணம் உண்டு என்று அறிந்தபோது இந்தப் பாடத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பே வந்தது.

வாய்மொழித் தேர்வில் இங்கே ஒரு துணைக்கேள்வி வரக்கூடும்: எல்லாப் பிளசீபோ நிவாரணத்தையும் நாலாக்சோன் தடுக்குமா? தடுக்காது. ஓபியாய்டு அல்லாத வலிமருந்துக்குப் பழக்கப்படுத்திய பின் தரப்படும் பிளசீபோ, நாலாக்சோனை மீறியும் பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.