முந்திரிகைப் பந்தல்: 104ஆம் நாள்

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட எங்கள் வளவு. கிணற்றடிப் பந்தலில் நிற்கிற இரண்டு முந்திரிகைக் (திராட்சை) கொடிக்கும் இது மூன்றாம் வருசம். இனம் இஸ்ரேல் புளூ, யாழ்ப்பாணத் தோட்டங்களில் நிற்கிறதுதான். போன முறை குலை கறுத்த கிழமையே ஆசைப்பட்டு வெட்டிவிட்டேன். ஒரே புளிப்பு. வாழைக்குலை மாதிரி வெட்டி வைத்துப் பழுக்கப்பண்ணுகிற சாமான் இல்லை இது. கொடியை விட்டு இறங்கினால் அதற்கு மேல் இனிப்பு ஏறாது.

இந்த முறை மே 20 கவ்வாத்து. குளிர்காலம் இல்லாத இடத்தில் கொடி தானாக இலை உதிர்த்து உறங்காது. நாங்கள் வெட்டினால்தான் துளிரும் பூவும். அன்றைக்கு வெட்டுவாயில் இருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து கீழே போட்ட மாட்டெருவை நனைத்தது. அதிலிருந்து குலை வெட்ட ஏறத்தாழ 110 நாள் கணக்கு.

கொடிக்கு நாள் என் கத்தரியில் தொடங்குகிறது. காடு அதன்பாட்டில் போகிறது. சித்திரையோடு, வலசை வந்து போகிற ஆறுமணிக்குருவியின் குரல் நின்றுவிட்டது. சோளகக் காற்று இரைந்தபோது துளிர் ஒரு சாண். முறியாமல் இருக்க வாழைநாரால் கட்டினேன். பூத்தது பாலைப்பழக் காலத்தில். பாலைப்பால் ஒட்டின உதட்டோடு மகள் அண்ணாந்து பார்த்து, "அப்பா, இதுதானா பூ?" என்றாள். பச்சைக் கடுகு போல மொட்டு, தொப்பி கழன்று விழுந்தால் நூல் மாதிரி ஐந்து கேசரம். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ஆடிக் கடைசியில், வயலில் சிறுபோக வெட்டு நடக்கையில், ஒரே ஒரு காய் நிறம் திரும்பியது. வேப்பம்பழமும் கொட்டி முடிந்திருந்தது. வேம்பு முடிந்தால் வௌவால் பந்தலுக்கு வரும். முல்லைத்தீவில் வாங்கின பழைய மீன்வலையை இறுக்கி இழுத்துக் கட்டினேன். தொய்ய விட்டால் கிளியும் குயிலும் கால் சிக்கிச் செத்துப்போகும்.

இன்று குலையின் நுனியில் ஒரு பழம் கிள்ளினேன். நுனிதான் கடைசியாகக் கனியும். தோலில் மா பூசினது போல வெண்மை, பெருவிரல் பட்ட இடம் மட்டும் கறுத்து மினுங்கியது. உள்ளே மூன்று கொட்டை. இரண்டு கபிலம், ஒன்று இன்னும் பச்சை, முற்றவில்லை.

தண்ணீர் குறைத்து நாலு நாள். பின்னேரங்களில் முகில் கட்டத் தொடங்கிவிட்டது, மழை விழுந்தால் பழம் வெடிக்கும். என்றாலும் இன்னும் ஒரு கிழமை விடுகிறேன்.