முதல் ரிசல்ட் 14, அடுத்தது 27

அம்மாவுக்கு வலிப்பு கிடையாது. ஆனாலும் வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற முகநரம்பு வலிக்குப் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது கார்பமசெபின் என்கிற அந்த வலிப்பு மாத்திரைதான். அந்த வலி வந்தால் பல் தேய்க்க முடியாது, வாயைத் திறந்து பேசவும் முடியாது. ஒரு ராத்திரி வலி தாங்காமல் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 400 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் சிஆர் மாத்திரை. விடிந்து பார்த்தால் பட்டையில் பாதிக்கு மேல் காலி. பேச்சு குழறியது, நிற்க வைத்தால் சாய்ந்தார், கண்மணிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. ஸ்ட்ரோக் என்றே நினைத்தோம். வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு 108-ல் கிளம்பினோம்.

அந்தப் பையில்தான் விஷயம் இருந்தது. இருமலுக்காக வேறொரு கிளினிக்கில் கொடுத்த கிளாரித்ரோமைசினும் அதில் கிடந்தது. கார்பமசெபினைச் சிதைக்கும் கல்லீரல் என்சைமை அந்த ஆன்டிபயாடிக் தடுத்துவிடுமாம். கூடுதலாகப் போட்டது ஒரு பக்கம், போட்டது வெளியேறாமல் தேங்கியது இன்னொரு பக்கம்.

ரத்தத்தில் இந்த மருந்து 4 முதல் 12 வரை இருக்கலாம். கணக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம். முதல் ரிசல்ட் 14. "ரெண்டுதானே கூட இருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே" என்றார் மாமா. ஐசியு டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "எவ்வளவு இருக்குன்னு பார்க்காதீங்க, ஏறுதா இறங்குதான்னு பாருங்க" என்றார். சிஆர் மாத்திரை கரையவே நேரம் எடுக்கும். போதாததற்கு, இந்த மருந்து அளவு மீறினால் குடலையே மந்தமாக்கிவிடும். மாத்திரைகள் ஒட்டிக் கட்டியாகவும் கிடக்கலாம். அதனால் உச்ச அளவு ஒரு நாள் கழித்துக்கூட வரலாம், சிலருக்கு இன்னும் தாமதமாகும். ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 27. மாமா அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

40-ஐத் தாண்டினால் கோமா, மூச்சுத் திணறல் வரை போகலாம் என்றார்கள். வலிப்பை அடக்கும் மருந்தே வலிப்பை வரவழைக்கும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அதோடு இதயத்தையும் பாதிக்கும். ஈசிஜியில் க்யூஆர்எஸ் என்ற பகுதி 100 மில்லிசெகண்டுக்கு மேல் அகலமாகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அப்படி ஆனால் கொடுக்க சோடியம் பைகார்பனேட் தயாராக இருந்தது. குடலில் மிச்சமிருக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்ள, மூக்குக் குழாய் வழியாகக் கரித்தூள் கரைசல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போனது. ஒவ்வொரு முறையும் முதலில் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்டார்கள். குடல் ஓடாமல் கரியை ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். டயாலிசிஸ் டாக்டரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள், நல்லவேளை தேவைப்படவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது ஒன்றுதான். இந்த டெஸ்ட் அங்கேயே செய்யும் வசதி இல்லை, வெளி லேபுக்குப் போய் வர வேண்டும். ரிசல்ட் கைக்கு வரும்போது அது பழைய செய்தியாகிவிடும். அதனால் டாக்டர்கள் காகிதத்தைவிட அம்மாவின் கண்ணையும் நாடியையும்தான் நம்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தோம். ராத்திரி மறுபடி தூக்கத்தில் ஆழ்ந்தார். குடல் அசைய ஆரம்பித்ததும் உள்ளே மிச்சமிருந்த மாத்திரை கரைந்து ஏறுகிறது, இது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். அதற்கப்புறம் அளவு இறங்கியது, ஆனால் குழப்பப் பேச்சு நிற்கவில்லை. ரத்தத்தில் சோடியம் பார்த்தால் 125, ரொம்பக் குறைவு. கார்பமசெபின் உடம்பில் தண்ணீரைத் தேக்கிச் சோடியத்தைக் குறைக்கும். மருந்தளவை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. தண்ணீரை அளந்து கொடுத்து சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள், அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம்.

வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் தள்ளாட்டம் இருந்தது, பாத்ரூமுக்குத் துணை வேண்டியிருந்தது. வலி திரும்பியதும் நியூராலஜிஸ்ட் அதே மருந்தை 100 மில்லிகிராமில் மறுபடி தொடங்கினார். இப்போது காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து மருந்தளவும் சோடியமும் சேர்த்துப் பார்க்கிறோம். கடைசியாக மருந்து 7, சோடியம் 135. பட்டை என் பீரோவில் இருக்கிறது. ஃபைல் அட்டையில் 'கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். சளி, இருமலுக்குப் போனாலும் அந்த ஃபைல்தான் முதலில் டாக்டர் மேஜைக்குப் போகிறது.