வீடெங்கும் ஒரே பாட்டு: நம்பகமான ஒலியமைப்பைத் தேடியபோது

சமையலறையில் தொடங்கிய பாட்டு, நான் கூடத்துக்கு நடந்து வரும்போதும் அறுபடாமல், அதே வரியில், அதே தாளத்தில் என்னோடு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆறு ஆண்டுகளுக்கு முன், அந்த ஆசையோடு மூன்று அறைகளுக்கும் ஒரே நிறுவனத்தின் வைஃபை ஸ்பீக்கர்களை வாங்கினேன். ஒலி உண்மையிலேயே நன்றாக இருந்தது. வாங்கும் முன் நான் ஒப்பிட்டுப் பார்த்தது ஒலியை மட்டும்தான் என்பதால், அந்த வகையில் ஏமாற்றம் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சமையலறை ஸ்பீக்கர் செயலியின் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்தால் வரும். மாலைக்குள் மறுபடியும் காணாமல் போகும். நிறுவனத்தின் உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைக்கச் சொன்னார்கள். அதன் பின்புறத்தில், கம்பி வழியே பாட்டைக் கொடுப்பதற்கான ஓர் ஆக்ஸ் துளைகூட இல்லாததால், உள்ளே காந்தமும் கூம்பும் பழுதின்றி இருந்தும், வேறெந்த வழியிலும் அதில் பாட்டுக் கேட்க முடியவில்லை.

அதைப் பெட்டியில் போட்டு மூடிய நாளில்தான், நம்பகத்தன்மை என்று எதைச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினேன். நல்ல ஸ்பீக்கர் இருபது, முப்பது ஆண்டுகள்கூட உழைக்கும். அதனுள் இருக்கும் சிறு கணினியும், அதை ஆளும் செயலியும், அந்தச் செயலி நம்பியிருக்கும் நிறுவனத்தின் சர்வரும் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை. இவற்றைப் பிரிக்க முடியாதபடி ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டால், ஆயுள் குறைந்த பகுதிதான் முழுப் பொருளின் ஆயுளையும் முடிவு செய்யும். ஆகவே இரண்டாம் முறை தேடியபோது, முதலில் சாகக்கூடிய பகுதி எது, அது செத்த பிறகு என்னிடம் என்ன மிஞ்சும் என்பதையே ஒவ்வொரு பொருளிடமும் கேட்டேன்.

இது மிகையான அச்சமன்று. இந்தத் துறையில் முன்னோடியான சோனோஸ், பழைய கருவிகள் சிலவற்றுக்கு மே மாதத்தோடு மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிடும் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பின்னர், பழையவற்றுக்கு எஸ்1, புதியவற்றுக்கு எஸ்2 என்று செயலியை இரண்டாகப் பிரித்தது. 2024 மே மாதத்தில் அது வெளியிட்ட புதிய செயலியில் பாட்டு வரிசையைத் திருத்துவது போன்ற அடிப்படை வசதிகளே விடுபட்டிருந்தன. தலைமைச் செயல் அதிகாரி பாட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவி விலகினார். அறைகளை ஒத்திசைப்பதில் மிகத் தேர்ந்த நிறுவனத்துக்கே இந்த நிலை. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ, சாதாரண ஸ்பீக்கரோடு இணைத்து வைஃபை வழியே பாட்டுக் கேட்பதற்காக 2015இல் வந்து 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்ட சிறு கருவி. 2025 மார்ச்சில், அதனுள்ளிருந்த பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகெங்கும் நல்ல நிலையில் இருந்த கருவிகள் ஒரே நேரத்தில் இயங்க மறுத்தன. நிறுவனம் சில நாட்களில் அதைச் சரிசெய்துவிட்டது என்றாலும், உரிமையாளர் தம் வீட்டில் எதையும் தொடாதபோதே கருவி நின்றுபோகலாம் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வீட்டு வலையமைப்பின் வழியே பாட்டை வாங்கி ஒலிக்கும் ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளின் உற்பத்தியை லாஜிடெக் நிறுவனம் 2012இல் நிறுத்தியது. அவற்றுக்கான இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்டது. ஆனால் பாட்டை அனுப்பும் சர்வர் மென்பொருள், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால், பயனர்களே அதை லிரியான் மியூசிக் சர்வர் என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. அவர்களிடம் எனக்கு ஆழ்ந்த நன்றி உண்டு. என் வீட்டின் இன்றைய அமைப்பும் அவர்களுடைய உழைப்பின் மீதுதான் நிற்கிறது.

அறைகளுக்கிடையே ஒலி ஒத்துப்போவது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் கடிகாரமாக இயங்குகிறது. எந்த இரண்டு படிகங்களும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இரண்டுக்குமிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு நிமிடத்தில் 3 மில்லிவிநாடியும், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடியும் விலகிவிடும். ஒலி காற்றில் 1 மில்லிவிநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்வதால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி எப்படியும் சுமார் 29 மில்லிவிநாடி தாமதமாகவே நம்மை அடைகிறது. அதைக் காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேலும் பல பத்து மில்லிவிநாடிகள் கூடினால், வாசற்படியில் நிற்பவருக்கு இரண்டு பாடகர்கள் முன்பின்னாகப் பாடுவதுபோல் கேட்கும். இதனால்தான் நல்ல அமைப்புகள் பாட்டைச் சற்று முன்கூட்டியே எல்லா அறைகளுக்கும் அனுப்பிச் சேமித்துவைத்து, எந்தக் கணத்தில் எந்தத் துளியை ஒலிக்க வேண்டும் என்பதைப் பொதுவான ஒரு கடிகாரத்தோடு இடைவிடாமல் சரிபார்க்கின்றன. கைபேசியிலிருந்து பல ஸ்பீக்கர்களுக்கு வைஃபை வழியே பாட்டை அனுப்பும், 2018இல் வந்த ஆப்பிளின் ஏர்ப்ளே 2 இதைச் சிறப்பாகவே செய்கிறது. சாதாரண ப்ளூடூத் இந்த வேலைக்காக உருவாக்கப்பட்டதன்று. இப்படிச் சேமித்து ஒலிப்பதில் ஒரு விலையும் உண்டு: தொலைக்காட்சியின் ஒலியை இதே வழியில் அனுப்பினால் உதட்டசைவும் பேச்சும் பிரிந்துவிடலாம், தொலைக்காட்சிக்கு நான் தனிக் கம்பியே வைத்திருக்கிறேன்.

பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால் பலரும் இணைய வேகத்தைக் கூட்டுகிறார்கள். குறுந்தகட்டுத் தரமுள்ள ஒலிக்கு, சுருக்காமல் அனுப்பினாலும், விநாடிக்கு 1,411 கிலோபிட்தான் தேவை. இன்றைய எந்த ரவுட்டருக்கும் அது பொருட்டன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று மறைக்காத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான், அவற்றிலேயே அண்டை வீடுகளின் ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் இரைச்சல் எழுப்புகின்றன. ஸ்பீக்கர்கள் தம்மை அறிவித்துக்கொள்ளப் பயன்படுத்தும் மல்டிகாஸ்ட் செய்திகளை, அதாவது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் செய்திகளை, சில ரவுட்டர்களும், வைஃபையை வீடெங்கும் பரப்பும் மெஷ் கருவிகளும் சரியாகக் கடத்துவதில்லை. கைபேசி விருந்தினர் வைஃபையில் இருந்தால் ஸ்பீக்கர் கண்ணிலேயே படாது. என் பழைய சமையலறை ஸ்பீக்கரின் குறையில் ஒரு பங்கு இதுவாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கருவிக்கு ஈதர்நெட் கம்பியே சரி. கம்பி எட்டாத இடத்தில் மட்டும் வைஃபை, அதுவும் முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸில். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரில் நிலையான முகவரி. இந்த மூன்றையும் செய்த பிறகு என் வீட்டில் ஸ்பீக்கர் காணாமல் போனதே இல்லை.

இறுதியில் நான் அமைத்தது இதுதான். கூடத்திலும் படுக்கையறையிலும் வைஃபையோ செயலியோ இல்லாத சாதாரண ஸ்பீக்கர்கள், அவற்றை இயக்க ஆம்ப்ளிஃபயர்கள், ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயருக்கும் பாட்டை வாங்கிக் கொடுக்க ஒரு சிறு ராஸ்பெர்ரி பை கணினி. நாளை அந்தக் கணினி பழசாகிப்போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். கூடத்து ஆம்ப்ளிஃபயரிலேயே சாப்பிடும் இடத்துக்கான இரண்டாவது ஜோடியையும் இணைத்தேன்; 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் சுமை 4 ஓமாகக் குறையும் என்பதால், 4 ஓமைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயர்தானா என்று முன்பே பார்த்து வாங்கினேன். சமையலறையில் இடம் குறைவு என்பதால் அங்கே மட்டும் எல்லாம் ஒன்றாய் அடங்கிய ஸ்பீக்கர், ஆனால் இம்முறை ஆக்ஸ் துளையும் ஈதர்நெட் துளையும் உள்ளது. கணினியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு இந்த வழியை நான் வற்புறுத்த மாட்டேன். அவர்கள் ஆயத்த அமைப்பையே வாங்கலாம், ஆனால் ஏர்ப்ளே போன்ற பொது வழி ஒன்றையும் கம்பி வழியையும் சேர்த்து ஏற்கும் கருவியாக அது இருக்கட்டும்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். நான் முதலில் ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வீட்டு வன்தட்டில் உள்ள பாட்டு எல்லா அறைகளிலும் கேட்கிறதா என்று பார்த்தேன். கடையில் மிகவும் பிடித்துப்போன ஓர் ஆயத்த ஸ்பீக்கர் அந்த இடத்திலேயே ஊமையாகிவிட, மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். பிறகு ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போட்டு, யாரும் தொடாமலே எல்லாக் கருவிகளும் திரும்ப வருகின்றனவா என்று கவனித்தேன். மைக்ரோவேவ் ஓடும்போது ஒருமுறை கேட்டேன். மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, கடைசியில் வாசற்படியில் நின்று இரண்டு அறைகளின் தாளத்தையும் ஒப்பிட்டேன்; கடிகார விலகல் தலைகாட்டுவது அப்போதுதான். என் கைபேசி வீட்டில் இல்லாதபோது மற்றவர்களால் பாட்டை மாற்றவோ, குறைந்தபட்சம் ஒலியைக் குறைக்கவோ முடிகிறதா என்பதையும் சோதித்தேன். முடியவில்லை. அதற்காகவே ஒலியளவைத் திருகும் குமிழ் உள்ள ஆம்ப்ளிஃபயரை இரண்டு அறைகளுக்கும் தேர்ந்தெடுத்தேன்.

இனி மிஞ்சியிருப்பது மாடி அறை. அங்கே இப்போதைக்கு வைஃபையில்தான் பாட்டு ஓடுகிறது, வாரத்துக்கு ஒருமுறையாவது தடுக்கி நிற்கிறது. அடுத்த முறை சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு முன், படிக்கட்டோரமாக ஈதர்நெட் கம்பி ஒன்றையும் ஸ்பீக்கர் கம்பி ஒரு ஜோடியையும் குழாய்க்குள் இழுத்துவிடுவதாக இருக்கிறேன்.