முதல் மராத்தான்: அட்டவணையில் இல்லாத பாடுகள்

ஒருவழியாக ஓடி முடித்துவிட்டேன். 42.195 கிலோமீட்டர், ஓடி முடிக்கக் கொடுக்கும் கட்-ஆஃப் நேரத்துக்குள். நேரத்தை மட்டும் கேட்காதீர்கள். கால் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துப் போயிருக்கின்றன, மற்றபடி நலம்.

பயிற்சி அட்டவணைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம், மூன்று வாரம் தூரத்தை ஏற்றி ஒரு வாரம் குறைப்பது, கடைசி இரண்டு மூன்று வாரம் நன்றாகக் குறைத்துக்கொள்வது. ஏற்கெனவே அரை மராத்தான் ஓடியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. என்னைப் படுத்தி எடுத்ததெல்லாம் அட்டவணையில் இல்லாத சமாச்சாரங்கள்தான்.

முதலில் ஷூ. என் கால் எட்டு சைஸ். நகரின் பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் கேட்டால், "லேடீஸ்ல ஏழுக்கு மேல வராது மேடம், இதையே போடுங்க, போடப் போட லூசாயிடும்" என்றார் அந்தத் தம்பி. தோல் செருப்பு வேண்டுமானால் லூசாகும். ஓடுகிற ஷூ அப்படி ஆகாது. அதோடு ஒரு மணி நேரம் ஓடினாலே பாதம் வீங்கும், விரல் முன்னால் போய் இடிக்கும். முதல் நீண்ட ஓட்டத்திலேயே நகம் போச்சு. மாற்றித் தரச் சொல்லிப் போனேன். ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில மண் இருக்கே மேடம், ஓடிட்டீங்களே" என்றார். ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடாமல் என்ன செய்வது? பணம் போனது போனதுதான். அப்புறம் வேறொரு கடையில் ஜென்ட்ஸ் எட்டு எடுத்தேன், பிரமாதமாகப் பொருந்தியது. பெண்களே, ஆண்கள் ரேக்கைப் பார்க்க வெட்கப்படாதீர்கள். சாயங்காலம் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும்.

இரண்டாவது, யாரும் பேசாத விஷயம்: கழிப்பறை. சென்னையில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து கிளம்பி உத்தண்டி தாண்டிப் போய்த் திரும்பும் ஓட்டத்தில், ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். நமக்குப் பெட்ரோல் பங்க்தான் கதி. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு பங்கில் கேட்டேன்.

"பூட்டியிருக்குக்கா, சாவி மேனேஜர்கிட்ட."

"மேனேஜர் எப்போ வருவார்?"

"ஒன்பது மணிக்கு."

பங்கில் கழிப்பறை இருக்கவேண்டும் என்பது விதி. விதியெல்லாம் அந்த நேரத்தில் யாரிடம் பேசுவது? அடுத்த பங்கில் சாவி ஆணியிலேயே தொங்கியது. அன்றிலிருந்து என் வழித்தடத்தை அந்த ஆணியை வைத்துத்தான் போட்டேன். வண்டியில் ஒருமுறை போய், எந்தெந்த பங்க் திறந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதைவிட இது முக்கியம்.

தண்ணீர் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அந்த அட்டவணைகளை எழுதியவர்கள் நம் ஊர் புழுக்கத்தில் ஓடிப் பார்த்தவர்கள் இல்லை. காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, சொட்டும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். செப்டம்பரில் அட்டவணை சொன்ன வேகத்தைப் பிடிக்கப் போய் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் தலைவலியோடு படுத்துக் கிடந்தேன். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியதும் ஒரு காரணம். வியர்வையோடு உப்பு போகிறது, மேலே தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துப் போகும், அது ஆபத்தில்கூட முடியலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போக ஆரம்பித்த பிறகு தலைவலி நின்றது. வேகத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதையும் விட்டேன். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அந்த வேகம் போதும்.

தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய் என்பார்கள். பத்து கிலோமீட்டருக்குச் சரி, அதற்கு மேல் வாஸ்லின்தான்.

ஜனவரி ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம், வடகிழக்குப் பருவமழை. நீண்ட ஓட்டங்கள் ஏறிக்கொண்டே போகவேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். மூடி இல்லாத குழி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அந்தத் தண்ணீரில் ஓடாதீர்கள். ஒரு ஞாயிறு போனால் போகட்டும், அதை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடிக் காலை உடைத்துக்கொள்ளவேண்டாம். நான் அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணன் ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்.

ஆனால் மார்கழி வந்ததும் எல்லாம் மாறியது. நாலரை மணிக்கே வாசலில் விளக்கு, கோலம், கோயில் ஸ்பீக்கர். தெருவில் பெண்கள் விழித்திருந்தார்கள், தனியாக ஓடப் பயமே இல்லை. நாய்கள்கூடக் குளிருக்குச் சுருண்டு கிடந்தன. 32 கிலோமீட்டர் ஓட்டத்தை அந்த மாதத்தில்தான் முடித்தேன்.

ஓட்ட நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருட்டில் கிளம்பினோம், முப்பது வரை சுகம். அதற்குப் பிறகு தொடை கல்லாகிவிட்டது, வெயிலும் ஏறிவிட்டது. உப்பு தூவிய உருளைக்கிழங்கு கொடுத்த பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். கொஞ்சம் நடந்து கொஞ்சம் ஓடி முடித்தேன்.

கடைசியாக ஒன்று. முடிவிடம் கிளம்பிய இடத்திலேயே இருக்கும் என்று நினைத்து வண்டியைத் தொடக்க இடத்தில் நிறுத்தாதீர்கள். எனக்கு முன்பே ஒருவர் சொன்னதால் தப்பித்தேன், ஆட்டோவில் திரும்பினேன். ஏறும்போது என் கழுத்தில் தொங்கிய மெடலைப் பார்த்த ஆட்டோக்காரர், "ஃபர்ஸ்ட் பிரைஸாம்மா?" என்றார்.

"இல்லண்ணா, முடிச்ச எல்லாருக்கும் தருவாங்க."

"எல்லாருக்குமா? அப்போ இவ்ளோ கஷ்டப்பட்டு ஏன்மா ஓடுனீங்க?" என்று சிரித்தவர், இறங்கும்போது பேசியதற்கு மேல் ஐம்பது கேட்டார். இறங்கவே அவர் கையைப் பிடிக்கவேண்டியிருந்ததால் பேரம் பேசவில்லை.